இரைச்சலுக்குள் ஒரு புலம்பல்: கிறிஸ்தவர்கள் ஏன் எக்ஸ்ட்ரீம் மெட்டல் வாசிக்கிறார்கள்?

கல்லடியில் இருக்கிற என் பெரியம்மா ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு என்னைப் பிடித்துக்கொண்டார். "மகன், நீ சபையில கிற்றார் அடிக்கிறவன்தானே, இவன் கேக்கிறது என்ன பாட்டு எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லு. பேய் பிடிச்சவன் கத்துற மாதிரிக் கிடக்கு. என்னடா எண்டு கேட்டா, இது ஆண்டவரப் பத்தின பாட்டு அம்மா எண்டு சொல்றான்." இவன் என்றது அவருடைய கடைசி மகனை. வயது பதினெட்டு, நன்றாக ட்ரம்ஸ் அடிப்பான், அதிகம் பேசமாட்டான். ஃபோனை வாங்கிப் பார்த்தேன். காய்ந்த கொப்புகளைப் பின்னிவிட்ட மாதிரி வாசிக்கவே முடியாத எழுத்தில் ஒரு பெயர். "அன்டெஸ்டர், அண்ணா" என்று அவன்தான் வாசித்துச் சொன்னான். நோர்வே நாட்டு இசைக்குழு.

அவன் சொன்னது உண்மை, அது கிறிஸ்தவர்களின் குழுதான். பெரியம்மா பயந்ததிலும் பிழை இல்லை. ஏனென்றால் அதே நாட்டில், அதே காலத்தில், கிட்டத்தட்ட அதே மாதிரி இசை வாசித்த வேறு இளைஞர்கள் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். இந்த இரண்டும் எப்படி ஒரே இசைக்குள் இருக்க முடியும் என்பதைப் பெரியம்மாவின் திண்ணையில் இருந்து ஐந்து நிமிடத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இதே கேள்வியோடு வேறு அம்மாக்களும் பாஸ்டர்மாரும் இருப்பார்கள், பதில் சொல்லத் தெரியாமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அறைக்குள் போகிற பிள்ளைகளும் இருப்பார்கள்.

முதலில் சத்தத்தைப் பற்றிப் பேசவேண்டும். எங்கள் ஆட்கள் பயப்படுவது வரிகளுக்கு அல்ல, வரிகள் யாருக்கும் விளங்குவதே இல்லை, அந்தச் சத்தத்துக்குத்தான்.

இந்தச் சத்தத்துக்கு வேர் ஹெவி மெட்டல் என்ற ரொக் இசை, அதன் கனத்த ஒலிக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தகட்டு இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த டோனி அயோமி என்ற இளைஞருக்கு இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கிற்றார் கம்பிகளை அழுத்துகிற கை அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு திரும்பவும் வாசிக்கத் தொடங்கினார். பிறகு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் அல்பம் 1970இல் வந்தது. அதன் முதல் பாட்டில் ஒரு இடைவெளி வரும், இரண்டு சுரங்களுக்கு நடுவில் உள்ள தூரம், கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும். மேற்கில் அதற்கு 'இசைக்குள் இருக்கும் பிசாசு' என்று பழைய பெயர் ஒன்று உண்டு. மத்திய காலத்துத் திருச்சபை அதைத் தடைசெய்தது என்றும் பலர் எழுதுகிறார்கள், அப்படியொரு தடை இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. சரி, நமது கணக்கில் அது எது? சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலான தூரம். கல்யாணி ராகத்தில் இருப்பது அதே தூரம்தான். கலியாண வீட்டில் நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசிக்கும்போது யாரும் பந்தலுக்குள் பிசாசைத் தேடுவதில்லை.

எண்பதுகளில் இந்த இசையின் வேகமும் கொடூரமும் ஏறி ஏறி, டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்று கிளைகள் பிரிந்தன. இவற்றையும் இவற்றின் அயல் கிளைகளையும் சேர்த்துத்தான் எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்கிறார்கள். டெத் மெட்டலில் குரல் அடித்தொண்டையில் உறுமும், பிளாக் மெட்டலில் மேலே ஏறிக் கீச்சிடும். பேய் பிடித்த மாதிரி என்று பெரியம்மா சொன்ன அந்தக் குரல் ஒரு பயிற்சி. நாம் பேசப் பயன்படுத்தும் குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு சோடி மடிப்பு இருக்கிறது, போலிக் குரல்நாண் என்பார்கள். மூச்சை வயிற்றில் இருந்து தள்ளி அந்த மடிப்புகளை அதிரவிடுகிற வித்தைதான் பெரும்பாலான உறுமல். முறை தெரியாமல் கத்தினால் சீக்கிரமே தொண்டை கட்டிப்போகும், முறை தெரிந்தவர்கள் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறார்கள். மைக் இல்லாத காலத்தில் வடமோடிக் கூத்தில் அசுரன் வேடம் கட்டியவர் விடிய விடியக் களரியில் நின்று பாடினாரே, அந்தக் குரலைக் கேட்டு எங்கள் தாத்தாமார் பயந்தும் இருக்கிறார்கள், ரசித்தும் இருக்கிறார்கள், அவரை யாரும் மந்திரித்து விடக் கூட்டிப்போகவில்லை.

அப்புறம் ட்ரம்ஸ். பிளாஸ்ட் பீட் என்று ஒன்று உண்டு, ஸ்னேரையும் பேஸ் ட்ரம்மையும் மாறி மாறி, நிமிடத்துக்கு 200ஐத் தாண்டிய வேகத்தில் அடிப்பது. ஒரு கட்டத்துக்கு மேல் அடிகள் தனித்தனியாகக் கேட்காது, மாரி மழை தகரக் கூரையில் விழுகிற மாதிரி ஒரே இரைச்சலாகிவிடும். பிளாக் மெட்டலை முதல் தடவை கேட்பவர் அந்த மழையை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுவார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் மழைக்குக் கீழே கிற்றாரின் மெட்டு ஒன்று மிக மெதுவாக நகர்வது தெரியும், பல நேரம் அது ஒரு ஒப்பாரியின் வேகத்தில்தான் இருக்கும். என்னைப் பிடித்தது அந்த இடம்தான்.

இனி, பயத்தின் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். பிளாக் மெட்டல் என்ற பெயர் இங்கிலாந்தின் வெனம் குழு 1982இல் வெளியிட்ட அல்பத்தின் பெயரில் இருந்து வந்தது. அவர்களுக்கு சாத்தான் ஒரு மேடை வேடம். நோர்வேயில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சில இளைஞர்கள் அதை வேடமாக எடுக்கவில்லை. 1992 ஜூன் 6 அன்று பேர்கன் நகரின் ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது, 12ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் அது. தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெம் குழுவின் கிற்றார் வாசிப்பாளர் யூரோனிமஸை, பர்ஸம் என்ற பெயரில் தனியாக இசை வெளியிட்ட வார்க் விகர்னஸ் குத்திக் கொன்றார். அந்தக் கொலைக்கும் சில தேவாலய எரிப்புகளுக்கும் சேர்த்து 1994இல் அவருக்கு 21 வருடச் சிறை விதிக்கப்பட்டது. எரிந்து கருகிய ஃபான்டொஃப்டின் படம் அவருடைய வெளியீடு ஒன்றின் அட்டையிலேயே இருக்கிறது.

இதை நான் மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள். தேவாலயத்தை எரிப்பதைக் கலகம் என்றும் கலை என்றும் யாராவது ரசித்துப் பேசினால் எனக்கு உடம்பு நடுங்கும், அதை நான் மறைக்கவில்லை. அதே வருடம் மார்ச் 7 அன்று சிங்கப்பூரில் சுவீடனின் வாட்டேய்ன் என்ற பிளாக் மெட்டல் குழுவின் நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தானது. கிறிஸ்தவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள், அமைச்சர் கா. சண்முகம் பிறகு பாராளுமன்றத்திலும் இதைப் பற்றிப் பேசினார். அரசு ஒரு இசையைத் தடுப்பது எனக்குப் பிடித்த வழி இல்லை. ஆனால் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் மனம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அப்படியானால் அந்த இசையை விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். இங்கேதான் கதை சிக்கலாகிறது.

மெட்டலுக்குள் விசுவாசம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று இல்லை. பிளாக் சபாத்தின் வரிகளில் பெரும்பகுதியை எழுதிய கீஸர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1971இல் வந்த அவர்களுடைய மூன்றாவது அல்பத்தில் கடவுளை நம்பச் சொல்லி வெளிப்படையாகப் பேசுகிற பாட்டே இருக்கிறது. 1983இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஸ்ட்ரைப்பர் குழு மஞ்சளும் கறுப்பும் பட்டை போட்ட உடுப்போடு மேடையேறி, கூட்டத்துக்குள் புதிய ஏற்பாடுகளை வீசினார்கள். அந்தப் பட்டைகள் ஏசாயா 53:5இல் இருந்து வந்தவை, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற வசனம். 1986இல் வந்த அவர்களுடைய அல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. தொலைக்காட்சிப் பிரசங்கி ஜிம்மி ஸ்வகார்ட் இந்த வகை இசையையே கடுமையாகத் தாக்கினார். நீள முடி, மை பூசிய கண் என்று அவர்களைத் திட்டிய சபைகள் ஒரு பக்கம், பைபிளைக் கண்டு கூச்சலிட்ட மெட்டல் ரசிகர்கள் மறுபக்கம். கிறிஸ்தவ மெட்டல்காரர்கள் அன்று தொடங்கி இரண்டு பக்கமும் அடி வாங்கியே வளர்ந்தார்கள். ஸ்ட்ரைப்பரின் இசை இனிமையானது, பெரியம்மாகூட கொஞ்சம் கேட்பார். அடுத்து வந்தவர்கள் அப்படி இல்லை.

கலிஃபோர்னியாவின் வெஞ்சன்ஸ், 1988. லொஸ் ஏஞ்சலஸின் டூர்னிகே, பென்சில்வேனியாவின் பிலீவர், இரண்டு குழுக்களின் முதல் பெரிய வெளியீடுகளும் அதை ஒட்டிய வருடங்களில். பிலீவர் 1990இலேயே இறந்தோருக்கான பழைய லத்தீன் கீதம் ஒன்றை சோப்ரானோ குரலோடும் வயலின்களோடும் மெட்டலுக்குள் கொண்டுவந்தார்கள், இன்றைக்குக் கேட்டாலும் புதிதாகத்தான் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் மோர்ட்டிஃபிகேஷன். அதன் தலைவர் ஸ்டீவ் ரோ, பேஸ் வாசித்துக்கொண்டே உறுமுகிறவர். 1992இல் வந்த அவர்களின் அல்பம் சாதாரண டெத் மெட்டல் ரசிகர்களும் மதிக்கிற அளவு கனமானது. நியூக்ளியர் பிளாஸ்ட் என்ற ஜேர்மன் நிறுவனம், எந்த மதச் சார்பும் இல்லாத நிறுவனம், அவர்களை எடுத்துக்கொண்டது. 1996இல் ரோவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்து, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்து, மரணத்தின் வாசலுக்குப் போய்த் திரும்பினார். 1998இல் அடுத்த அல்பம் வந்தபோது தலைப்பிலேயே 'இரக்கத்தின் வெற்றி' என்று இருந்தது. மரணத்தைப் பற்றிப் பாடுவதே தொழிலாக இருக்கிற ஒரு இசையில், மரணத்தை உண்மையாகவே முகத்துக்கு நேரே பார்த்த ஒருவர் திரும்பி வந்து பாடியது எனக்குப் பெரிய விஷயம்.

மோர்ட்டிஃபிகேஷனில் ட்ரம்ஸ் அடித்த ஜேசன் ஷெர்லொக் அந்தக் குழுவை விட்டபின் ஒரு வேலை செய்தார். 1994இல் ஹோர்ட் என்ற பெயரில், எல்லா வாத்தியமும் தானே வாசித்து, பெயர் போடாமல் ஒரு பிளாக் மெட்டல் அல்பம் வெளியிட்டார். தலைப்பு நோர்வே மொழியில், ஏறக்குறைய 'பரிசுத்தமான கறுப்பின்மை' என்று அர்த்தம் வரும். கிறிஸ்தவ பிளாக் மெட்டலுக்கு அன்பிளாக் மெட்டல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இதிலிருந்துதான். இதை யார் செய்தது என்று சொல்லச் சொல்லி நியூக்ளியர் பிளாஸ்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாகச் சொல்வார்கள். நோர்வேயில் கொலையும் எரிப்பும் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் துணிச்சலின் அளவு தெரியும்.

ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்லவேண்டும். ஹோர்டின் அல்பத்தை நான் மதிக்கிறேன், திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. தலைகீழ்ச் சிலுவையைத் திருப்பி நேராக்கு என்பது போன்ற தலைப்புகள் அதில். எதிராளி கத்தியதையே புரட்டிப் போட்டுக் கத்துவது. தலைகீழ்ச் சிலுவையை எடுத்தால், அது முதலில் பேதுருவின் சிலுவை, ஆண்டவர் மரித்த மாதிரி மரிக்கத் தகுதியில்லை என்று அவர் தலைகீழாக அறையப்பட்டார் என்பது திருச்சபையின் மரபு, கத்தோலிக்கர்கள் இதை நன்றாக அறிவார்கள். எதிர்ப்பாட்டு எவ்வளவு வீரமாக இருந்தாலும் அது மற்றவன் கிழித்த கோட்டுக்குள்தான் நிற்கிறது. "சாத்தானை எடுத்துவிட்டால் அது பிளாக் மெட்டலே இல்லை, எங்கள் வீட்டுக்குள் வந்து பொருளைத் திருடுகிறீர்கள்" என்று பிளாக் மெட்டல் ரசிகர்கள் சொல்லும் குற்றச்சாட்டுக்கு ஹோர்டிடம் பதில் இல்லை என்றே நினைக்கிறேன்.

பதில் அன்டெஸ்டரிடம் இருக்கிறது. 1990இல் வேறு பெயரில் தொடங்கியவர்கள், 'தீமையை நசுக்கு' என்று அர்த்தம் வருகிற பெயர், பிறகு அன்டெஸ்டர் என்று மாற்றிக்கொண்டார்கள். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு, சாட்சியாக அழைக்கிறேன் என்று பொருள். பழைய பெயர் சண்டைக்கு நிற்கிறது, புதிய பெயர் வழக்கு மன்றத்தில் நிற்கிறது. தங்கள் ஆரம்பகால இசையை அவர்கள் சொரோ மெட்டல், அதாவது துக்க மெட்டல் என்று அழைத்தார்கள். சாத்தானைத் திட்டுவதில் காலம் கழிக்காமல், மனச்சோர்வு, மரணம், கடவுள் மௌனமாக இருக்கிற இரவுகள் என்று பாடினார்கள். 1998இல் பிரிட்டனின் கக்கோஃபனஸ் நிறுவனம் அவர்களுடைய அல்பத்தை வெளியிட்டது, நோர்வேயைச் சூறையாடிய பழைய கொள்ளைநோயின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட அல்பம். அதன்பிறகு நடந்ததுதான் என்னை அசத்தியது. 2005இல் வந்த அவர்களின் அடுத்த அல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்தவர் ஹெல்ஹாமர். மேஹெம் குழுவின் ஹெல்ஹாமர், கொல்லப்பட்ட யூரோனிமஸோடு ஒரே குழுவில் இருந்தவர். தேவாலய எரிப்புக் கதையின் நடுவில் இருந்த குழுவின் ட்ரம்ஸ்காரர், கிறிஸ்தவர்களின் புலம்பலுக்குத் தாளம் போட்டார். அவர் மனம் மாறினார் என்று நான் சொல்லவரவில்லை. இசை நன்றாக இருந்தது, அவர் வந்து வாசித்தார், அவ்வளவுதான். அந்த அளவே எனக்குப் போதும்.

தம்பி அன்று கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

எங்கள் ஊர்ச் சபைகளில் இப்போது பாடுகிற பாட்டுகளை யோசித்துப் பாருங்கள். வெற்றி, ஆசீர்வாதம், கண்ணீர் துடைக்கப்படும், சத்துரு காலடியில். நானே மேடையில் நின்று வாசிக்கிறேன், மனதாரத்தான் வாசிக்கிறேன். ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் திருக்கோவிலிலும் குடும்பத்தில் பாதிப்பேரைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் அந்தப் பாட்டுகளுக்குக் கை தட்டவேண்டி இருந்தது. யுத்த காலத்தில் காணாமல் போனவர்களின் தாய்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வரிசையில் நின்று அதையே பாடினார்கள். வேதத்தில் 88ஆம் சங்கீதம் இருக்கிறது, ஒரு ஆறுதல் வரிக்குக்கூடத் திரும்பாமல் இருளில் போய் முடிகிற சங்கீதம். புலம்பல் என்று முழுப் புத்தகமே இருக்கிறது. என் வயதுக்கு எங்கள் சபை மேடையில் அவை பாட்டாக வந்து நான் கேட்டதில்லை.

எங்கள் கத்தோலிக்கச் சொந்தக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைச் சொல்லுகிற பசாம் படிக்கிறபோது மாதாவின் அழுகையை ஒரு கிழவி இழுத்து இழுத்துச் சொல்வதைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும், அதை அழகாகப் பாடவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, குரல் உடைந்தால் உடைந்ததுதான். செத்த வீட்டு ஒப்பாரியும் பறை மேளமும் இதே ஊரில் இதே மனிதர்களுக்குள் இருக்கின்றன. ஆனால் சபைக்குள் வரும்போது பறையை வாசலில் விட்டுவிட்டு வந்தோம், அது சாவு மேளம், அது கோயில் மேளம் என்று. கிறிஸ்தவ இசை என்றால் மெல்லியதாக, இனிமையாக, சுத்தமாக இருக்கவேண்டும் என்று யார் தீர்மானித்தது? சங்கீதம் 150 பேரோசையுள்ள கைத்தாளங்களோடு துதிக்கச் சொல்கிறது. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், அவர்களுடைய கலியாண வீட்டில் வயலினும் மண்டலினும் சேர்ந்து கபிரிஞ்ஞா ஆட்டம் கிளம்பினால் மேசை கதிரையும் ஆடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்று நாங்கள் பக்தியின் உச்சமாக நினைக்கிற கீர்த்தனைகள் எங்கிருந்து வந்தன? தஞ்சாவூரின் வேதநாயக சாஸ்திரியார், 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர், கோயிலிலும் அரண்மனையிலும் சதிர்க் கச்சேரியிலும் ஒலித்த ராகங்களையும் தாளங்களையும் எடுத்து இயேசுவைப் பாடினார். அந்த ராகம் யாருடைய சொத்து என்று இன்று எந்தக் கல்முனைச் சபையிலாவது யாராவது கேட்கிறார்களா? பிறந்த இடம் எதுவானாலும் ஒரு ஓசை நம் வாயில் வந்து எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. பிளாக் மெட்டல்காரர்களின் திருட்டுக் குற்றச்சாட்டுக்கும் என் பதில் அதுதான்: பறிகொடுத்தவனின் குரலை எடுத்து உண்மையாகவே பறிகொடுத்த ஒருவன் அழுதால் அதில் திருட்டு எதுவும் இல்லை.

இதைச் சொல்லும்போதே, கிறிஸ்தவ மெட்டல் என்ற முத்திரை எவ்வளவு பொய்யாகவும் போகக்கூடும் என்பதையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. அமெரிக்காவில் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள், கிறிஸ்தவ விழாக்கள், கிறிஸ்தவ இசை நிறுவனங்கள் என்று தனிச் சந்தையே இருந்தது, முத்திரை இருந்தால் அந்தச் சந்தை திறக்கும். அஸ் ஐ லே டையிங் குழுவின் பாடகர் டிம் லம்பேசிஸ், மனைவியைக் கொல்ல ஆள் தேடிய வழக்கில் 2013இல் கைதாகி அடுத்த வருடம் ஆறு வருடச் சிறை பெற்றார். தான் எப்போதோ விசுவாசத்தை விட்டுவிட்டதாகவும், கிறிஸ்தவக் குழு என்ற பெயரில் சுற்றியவர்களில் பலர் அப்படித்தான் என்றும் அவரே பிறகு சொன்னார். வெஞ்சன்ஸின் பாடகர் ரோஜர் மார்ட்டினஸ் விசுவாசத்தையே பகிரங்கமாகத் தாக்குகிறவராக மாறினார். மறுபக்கம் பாருங்கள், உலகத்திலேயே அதிகம் சாத்தான் பட்டம் சுமந்த குழுக்களில் ஒன்றான ஸ்லேயரின் பாடகர் டொம் அராயா தன்னைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்கிறவர், அயர்ன் மெய்டன் மேடைகளில் 2024வரை ட்ரம்ஸ் அடித்த நிக்கோ மக்பிரெய்ன் 1999இல் கிறிஸ்தவரானவர். ரீசேர்ட்டில் இருக்கிற படத்தை வைத்து யாரையும் அளக்க முடியாது, பெரியம்மாவுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்.

தம்பிக்கு அது நடந்தே இருக்கிறது. அவன் வேறொரு சபையின் இளைஞர் ஆராதனையில் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் கறுப்பு ரீசேர்ட்டோடு போனான் என்பதற்காக மனந்திரும்பும்வரை வாத்தியத்தைத் தொடக்கூடாது என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் எழுப்பி விட்டார்கள். அவன் வீட்டில் சொல்லவில்லை. எனக்கே பல மாதம் கழித்துத்தான் தெரியும். இதில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு பொடியனுக்கு உண்மையான ட்ரம்ஸ் செற் ஒன்றைத் தொடக் கிடைக்கிற இடம் அநேகமாகச் சபைதான். கொழும்பில் ஸ்டிக்மாட்டா, கண்டியில் பரனொய்ட் எர்த்லிங் என்று மெட்டல், ரொக் குழுக்கள் வளர்ந்தன, அவர்களுக்கு மண்டபமும் ரசிகர்களும் கிடைத்தார்கள். இங்கே ட்ரம்ஸ், ஆம்ப், மிக்ஸர், அதை இயக்கத் தெரிந்த அண்ணாமார், எல்லாம் ஆராதனை மேடையில்தான். அந்தக் கதவைச் சாத்தினால் அவன் இசையையும் விட்டான், சபையையும் விட்டான் என்றாகிவிடும்.

வேறு நாடுகளில் சபைகள் இதை வேறு மாதிரிக் கையாண்டிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் பாஸ்டர் பொப் பீமன் எண்பதுகளிலேயே மெட்டல் ரசிகர்களுக்கென்று சாங்க்சுவரி என்ற சபையை நடத்தினார், நீள முடிக்காரர்களை வேறு சபைகள் வாசலில் நிறுத்திய காலம் அது. பின்லாந்தில் லூத்தரன் திருச்சபை 2006இல் ஹெல்சிங்கியில் மெட்டல் வழிபாடு ஒன்றைத் தொடங்கியது. எனக்கு அதில் பிடித்த விஷயம், அவர்கள் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. வழக்கமான வழிபாட்டு ஒழுங்கு, பிரசங்கம், பாவ அறிக்கை, சபைப் புத்தகத்தில் இருக்கிற அதே பழைய ஞானப்பாட்டுகள், கிற்றார் மட்டும் மெட்டல். கறுப்பு உடுப்போடு வந்தவர்கள் சின்ன வயதில் பாட்டியோடு பாடிய பாட்டையே அங்கே பாடுகிறார்கள். ஞானப்பாட்டுகளில் பல மெட்டுகள் இதற்கு நன்றாகவே பொருந்தும், மைனர் ஸ்கேலில் மெதுவாக நடப்பவை அதிகம். எங்கள் பாமாலைப் புத்தகத்தில் பெரிய வெள்ளிப் பகுதியை எடுத்து நானும் தம்பியும் ஒன்றை வாசித்துப் பார்த்தோம். பேஸில் சுருதியை இரண்டு படி இறக்கி, அவன் பிளாஸ்ட் பீட் எதுவும் போடாமல் மெதுவாக, மத்தள நடையில் அடித்தான். மூன்றாவது சரணத்தில் அவன் வாயைத் திறந்து உறுமினான். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற வார்த்தையை நான் எத்தனையோ பெரிய வெள்ளிகளில் மெதுவாக, மரியாதையாக வாசிக்கக் கேட்டிருக்கிறேன். சிலுவையில் அது மெதுவாகச் சொல்லப்படவில்லை, இயேசு மிகுந்த சத்தமிட்டார் என்றுதான் மத்தேயுவில் எழுதியிருக்கிறது.

பெரியம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். பாட்டின் வரி இன்னதென்று நான் சொன்னேன், தலையாட்டினார், பிடித்தது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவன் எழும்பிக் குளிக்கப் போனபிறகு என் பக்கத்தில் வந்து இருந்து, சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்.

"அதுசரி மகன், இப்பிடிக் கத்தினா அவன்ட தொண்டைக்கு ஒண்டும் ஆகாதா?"

போலிக் குரல்நாண் கதையை அவருக்கும் சொன்னேன். நொந்தால் அந்த நிமிடமே நிறுத்தவேண்டும், அடிக்கடி தண்ணீர் குடிக்கவேண்டும், ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அன்று பின்னேரம் அவனுடைய மேசையில் மூடி போட்ட ஒரு செம்பில் சுடுதண்ணீர் இருந்தது.